வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்

டாக்டரம்மாவின் சினிமா விமர்சனத்தை யாரும் மறுத்துப் பேசியதில்லை. அவர் பல் டாக்டர். கேட்பவர்களின் வாய் திறந்திருக்கும். அதற்குள் பஞ்சும் கண்ணாடியும் எச்சில் உறிஞ்சும் குழாயும் இருக்கும்.

"அந்தப் படம் பாத்தீங்களா? பாக்காதீங்க" என்று ஆரம்பிப்பார். பிறகு முழுக்கதையையும் சொல்வார்.

பூட்டுச் சாவிக் கடைக்கு மேல் மாடியில் அந்தக் கிளினிக் இருந்தது. படியேறினால் சுவரோரம் சில நாற்காலிகள், ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால் சாய்ந்து படுக்கும் நாற்காலி. காத்திருப்பவர்களுக்கு மெஷின் சத்தமும் டாக்டரம்மாவின் குரலும் கலந்தே கேட்கும். மெஷின் வேகமெடுத்தால் குரலும் வேகமெடுக்கும். உள்ளே போகும் முன்பே பாதிப் படம் தெரிந்துவிடும்.

படங்களை அவர் பற்களை வைத்துத்தான் எடைபோட்டார். மற்றவர்கள் நடிப்பு, பாட்டு, சண்டை என்று பார்ப்பார்கள். அவர் திரையில் யாராவது வாயைத் திறக்கக் காத்திருப்பார்.

"ஜெயில்ல பதினாலு வருஷம் கிடந்துட்டு வர்றான். வெளிய வந்ததும் ஒரு சிரிப்பு சிரிக்கிறான் பாருங்க, அத்தனை பல்லும் பளபளன்னு. அந்த ஜெயில் டாக்டர் யாருன்னு கேக்கணும். நான் போய் அவர்கிட்ட வேலை கத்துக்கணும்."

நாற்காலியில் இருப்பவர் 'ஆ' என்பார்.

"வில்லனுக்கு மட்டும் ஏன் கறை புடிச்ச பல்லு? எனக்குத் தெரிஞ்ச மோசமான ஆளுங்க எல்லாருக்கும் பல்லு முத்து மாதிரி இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம வந்து சுத்தம் பண்ணிக்கிட்டுப் போறாங்க. நல்லவங்கதான் பல்லு ஆடினப்புறம் வர்றாங்க. நீங்க நல்லவர்."

மறுபடியும் 'ஆ'. அதை அவர் ஆமோதிப்பாக எடுத்துக்கொள்வார்.

வீட்டில் இந்தப் பேச்சு எடுபடவில்லை. நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்த கணவர், திரையில் பெயர்கள் ஓடி முடிவதற்குள் தூங்கிவிடுவார். விளக்கு போட்டதும் கண்ணைத் திறந்து, "நல்லா இருந்துச்சுல்ல" என்பார். கல்லூரியில் படிக்கும் மகளிடம் எந்தப் படத்துக்கும் ஒரே சொல்தான் இருந்தது. ஒன்று செம, இல்லாவிட்டால் மொக்கை.

"ஏன்டி மொக்கைங்கற? காரணம் வேணாமா?"

"மொக்கைனா மொக்கைதாம்மா. அதுக்கு எதுக்கு காரணம்?"

எனவே டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத் தியேட்டருக்குப் போனார். திங்கட்கிழமை யாருக்குப் பல் வலித்ததோ அவர் முதல் ஆளாக மாட்டினார்.

கிளினிக்கில் உதவிக்கு இருந்த பெண் டாக்டரம்மாவைவிட வயதில் மூத்தவர். டாக்டரம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டார்; அக்கா டாக்டரம்மாவை மேடம் என்று கூப்பிட்டார். குழாயைப் பிடிப்பது, சிமென்ட் குழைப்பது, ஒரே படத்தின் கதையை வாரம் முழுக்கக் கேட்பது, மூன்றும் அக்காவின் வேலை.

"மேடம், திங்கட்கிழமை சுமாரா இருந்த படம் சனிக்கிழமை குப்பையாயிடுது. நடுவுல நீங்க போய் இன்னொரு தடவை பாத்தீங்களா?"

"யோசிச்சேன் அக்கா. யோசிக்க யோசிக்க மோசமாயிட்டே போகுது."

ஒரு விஷயத்தில் மட்டும் டாக்டரம்மா விளையாட மாட்டார். புதிதாக வரும் எவரிடமும், கண்ணாடியை வாய்க்குள் விடும் முன், ஒரே தொனியில் சொல்வார்: "வலிச்சா இடது கைய தூக்குங்க. நிறுத்திடுவேன்." கை தூக்கினால் நிறுத்தவும் செய்வார், வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும். அவர் ஊசி போட்டால் எறும்பு கடித்தது போல்கூட இருக்காது. சினிமாவைப் பொறுத்துக்கொண்டு ஜனங்கள் படியேறி வந்தது அதனால்தான்.

அப்படித்தான் ஒரு கணக்கு வாத்தியாரும் வந்தார். கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல். சொத்தை வேர்வரை போயிருந்தது. ரூட் கெனால் செய்ய வேண்டும், சில தடவை வரவேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. வாத்தியார், காத்திருக்கும்போது படித்துக்கொண்டிருந்த தடித்த நாவலைப் பைக்குள் வைத்துவிட்டுச் சாய்ந்து படுத்தார்.

அந்த வாரம் ஒரு நாவலை வைத்து எடுத்த படம் வந்திருந்தது. கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு அப்பா, அவருடைய மகன், கடைக்கு வரும் ஒரு ரவுடி. டாக்டரம்மாவுக்குப் படம் பிடித்திருந்தது.

"இன்டர்வெலுக்கு முன்னாடி அப்பாவ கொன்னுடுறாங்க. அதுக்கப்புறம்தான் படமே சூடு புடிக்குது. பையன் அந்த..."

வாத்தியார் இடது கையைத் தூக்கினார்.

மெஷின் நின்றது. "வலிக்குதா?"

வாத்தியார் தலையை ஆட்டி இல்லை என்றார். வாயைச் சுட்டிக் காட்டினார். அக்கா குழாயையும் பஞ்சையும் எடுத்தார்.

"நாவல்ல அந்த அப்பா சாகவே மாட்டாரு," என்றார் வாத்தியார்.

டாக்டரம்மா முகமூடியைக் கீழே இழுத்தார். "என்ன?"

"சாகவே மாட்டாரு. கடைசிப் பக்கம் வரைக்கும் உக்காந்து நச்சரிச்சுக்கிட்டே இருப்பாரு. அந்த நச்சரிப்புதான் நாவலே."

"நச்சரிப்ப யாரு சார் டிக்கெட் எடுத்துப் போய்ப் பாப்பாங்க? வீட்டுல ஓசியாவே கிடைக்குது."

பஞ்சை மறுபடி வைத்தார்கள். ரவுடியின் சாவுவரை போவதற்குள் வாத்தியார் இன்னும் பலமுறை கையைத் தூக்கிவிட்டார். மகனுக்குக் காதலி கிடையாது என்று ஒரு முறை. கடிகாரக் கடை மார்க்கெட்டில் இல்லை, கோர்ட்டுக்குப் பக்கத்தில் என்று ஒரு முறை. ஒவ்வொரு முறையும் மெஷின் நின்றது, பஞ்சு வெளியே வந்தது, டாக்டரம்மா பதில் சொன்னார், பஞ்சு உள்ளே போனது. சாவிக் கடைக்காரர் சாப்பிட்டு வந்து கடையை மறுபடி திறந்தபோதும் அது முடிந்திருக்கவில்லை. வெளியே காத்திருந்த ஒரு பெண்மணி, தனக்கு வலி நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று மாலை டாக்டரம்மா வீட்டில் கரண்டியால் தாளம் போட்டுக்கொண்டே பரிமாறினார்.

"என்ன, நல்ல வருமானமா?" என்றார் கணவர்.

"ஒருத்தர் என்னை முட்டாள்னு சொல்லிட்டாருங்க," என்றார் டாக்டரம்மா. "நேரா சொல்லல. ஆனா அதான் அர்த்தம்."

கணவர் மகளைப் பார்த்தார். மகள் தோளைக் குலுக்கினாள்.

நாற்காலியில் இருந்தபடி பதில் பேசலாம் என்பது அன்றுதான் வெளியே தெரிந்தது. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அடுத்த முறை அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். துணிக்கடை கேஷியர் கையைத் தூக்கி, "பாட்டு நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். பல்லுக்குக் கம்பி கட்டியிருந்த ஒரு பெண், கதாநாயகனை எதுவும் சொல்லக்கூடாது என்பதற்காக, டாக்டரம்மா அவன் பெயரை எடுக்கும் முன்பே கையைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வருடக்கணக்காக 'ஆ' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம் இவ்வளவு இருந்ததா என்று டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம்.

"இது கிளினிக்கா, சட்டசபையா மேடம்?" என்றார் அக்கா. "பஞ்சு எடுத்து பஞ்சு வெச்சு என் விரல் தேஞ்சு போச்சு."

டாக்டரம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். கை உயர்ந்ததும் உடனே நிறுத்துவதில்லை. சொல்லிக்கொண்டிருப்பதைச் சொல்லி முடித்துவிட்டு, கையில் உள்ள வேலையையும் ஓர் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு நிறுத்துவார். "இருங்க, உங்க முறை வரும்" என்பார். நேரம் மிச்சமாயிற்று. யாரும் குறை சொல்லவில்லை. எல்லோரும் கருத்துக்காகத்தான் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் இரண்டாவது தடவை வந்தார். டாக்டரம்மா தயாராக இருந்தார். அவருக்காகவே இன்னொரு நாவலிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வைத்திருந்தார். லாட்ஜ் நடத்தும் இரண்டு சகோதரிகள். தங்கை ஒரு நாள் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். அக்காக்காரி அவளுடைய அறையை யாருக்கும் வாடகைக்கு விடாமல் வைத்திருக்கிறாள்.

ஊசி போட்டு, மரத்துப்போகும்வரை காத்திருந்து, வேலையை ஆரம்பித்தார். அந்தப் பல்லின் வேர்களில் நரம்பு ஓடும் கால்வாய்கள் மூன்று. இரண்டு மரத்திருந்தன. மூன்றாவது மரக்கவில்லை. அது அவருக்குத் தெரியாது.

"லாட்ஜ் முழுக்க ஆளு நிரம்பி வழியுது. வராண்டாவுல பாய் விரிச்சுப் படுத்திருக்காங்க. அந்த ஒரு ரூம் மட்டும் காலி..."

வாத்தியாரின் இடது கை உயர்ந்தது.

"இருங்க சார், முக்கியமான இடம்."

கை இன்னும் உயர்ந்தது.

"தெரியும், தெரியும். நாவல்ல வராண்டாவே கிடையாது, அதானே? ராத்திரி கதவு தட்டுற சத்தம் கேக்குது. இவ விளக்க எடுத்துக்கிட்டு இறங்குறா..."

வாத்தியாரின் கை காற்றில் ஆடியது. கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுப்பக்கம் வழிந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்தார். நெகிழ்ந்துபோனார்.

"எனக்கும் இப்படித்தான் சார் ஆச்சு," என்றார். "தியேட்டர்ல கர்ச்சீப் நனைஞ்சு போச்சு."

அக்கா குழாயைக் கீழே வைத்துவிட்டு டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். "மேடம், அது கருத்து இல்ல. வலி."

மெஷின் நின்றது. வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா பேசாமல், மிக மெதுவாக, தற்காலிக அடைப்பை மட்டும் வைத்தார். அவர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கும்போது வாத்தியார் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து நான்காக மடித்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார்.

"என் கிளாஸ்ல ஒரு பையன் கைய தூக்கினா," என்றார், ஒரு பக்கம் மரத்த வாயால், "நான் பாடத்த நிறுத்துவேன்."

படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்து வரவேண்டிய நாளில் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு கால்வாயில் நரம்பு இன்னும் பாதி கிடந்தது. தற்காலிக அடைப்பு கொஞ்ச நாள்தான் தாங்கும். பிறகு சீழ் வைக்கும், பல்லையே பிடுங்க வேண்டிவரும். டாக்டரம்மாவுக்கு அந்தப் பல்லின் எக்ஸ்ரே படம் கண்ணை மூடினாலும் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. கை தூக்கியவர்கள் எல்லோரும் படத்தைப் பற்றித்தான் பேசினார்கள். டாக்டரம்மா சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு, அங்கேயே பிடித்து, தப்பு என்று சொன்ன ஆள் ஒருவர்தான். அவரைத்தான் அழவைத்து அனுப்பியிருக்கிறார்.

பேச்சை நிறுத்தினார். எவர் வந்தாலும் "ஆ காட்டுங்க", "துப்புங்க", அவ்வளவுதான். கை கொஞ்சம் அசைந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்தார். ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. பேச்சு இருந்தவரை அவர்களுக்கு மெஷின் சத்தம் கேட்டதில்லை. இப்போது அது மட்டும்தான் கேட்டது.

"ஏதாவது சொல்லுங்க மேடம்," என்றார் துணிக்கடை கேஷியர், நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு. "போன வாரம் ஒண்ணும் பாக்கலையா? பழைய படம்னாலும் பரவாயில்ல."

"துப்புங்க," என்றார் டாக்டரம்மா.

மறுநாள் டாக்டரம்மா வாத்தியாரின் வீட்டுக்குப் போன் செய்தார். அவருடைய மனைவி எடுத்தார்.

"கிளினிக்லேர்ந்து பேசுறேங்க. சார் இருக்காரா?"

"இருக்காரு. கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நீங்க அந்த சினிமா டாக்டரா?"

"ஆமாங்க. வலி இருக்கா அவருக்கு?"

"இல்லேங்கறாரு. ஆனா அன்னிலேர்ந்து ஒரு பக்கமாவே மெல்லுறாரு, ஆடு மாதிரி."

"தப்பு என்னோடதுதான். மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க."

அந்த அம்மாள் போனை நகர்த்திக்கொண்டு சொல்வது கேட்டது. பிறகு, "மூஞ்சியத் திருப்பிக்கிட்டாருங்க."

"அப்படியே விட்டா பல்லு போயிடும்னு சொல்லுங்க."

மறுபடி ஒரு முணுமுணுப்பு. "போனா போகட்டுங்கறாரு. அடுத்த தெருவுல வேற டாக்டர் இருக்காராம். அங்க பேச்சே கிடையாதாம். மீன் தொட்டி வெச்சிருக்காராம்."

"மீன் தொட்டி," என்றார் டாக்டரம்மா.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம். அந்த அம்மாளின் குரல் தாழ்ந்தது. "மேடம், நான் சொல்றேன் கேளுங்க. இவர்கிட்ட கெஞ்சினா வேலைக்காகாது. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் கெஞ்சி ஒண்ணும் நடந்ததில்ல. நீங்க தப்புன்னு சொல்லிப் பாருங்க. எங்க இருந்தாலும் எழுந்து ஓடி வருவாரு."

"என்னன்னு சொல்றது? நாவல் அவருதான் படிச்சிருக்காரு. நான் படிக்கல."

"அவரு மட்டும் படத்த பாத்தாரா என்ன?"

டாக்டரம்மா எழுந்து நின்றார். "பாக்கலையா?"

"ஒரு படமும் பாக்க மாட்டாரு. நாவல கெடுத்திருப்பாங்களாம். நாங்க ரெண்டு பேரும் தியேட்டருக்குப் போயி, இருங்க, பெரியவ அப்போ வயித்துல இருந்தா. அவளுக்கு இப்ப மாப்பிள்ளை பாக்குறோம்."

"அப்ப எத வெச்சு கைய தூக்கினாரு?"

"நீங்க சொன்னத வெச்சுத்தான். அவருக்கு தப்பு கண்டுபிடிக்க யாராவது ஏதாவது சொன்னா போதும்."

டாக்டரம்மா போனை மறு காதுக்கு மாற்றினார். குரலில் பழைய தெம்பு வந்தது. "அவர்கிட்ட இத சொல்லிடுங்க. படமே பாக்காத ஆளுக்கு என் கிளினிக்ல கைய தூக்குற உரிமை கிடையாது. டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லுங்க."

"இப்படியே சொல்லவா?"

"இன்னும் கொஞ்சம் காரமா சொன்னாலும் சரிதான்."

"அத எங்கிட்ட விடுங்க," என்றார் அந்த அம்மாள்.

மறுநாள் காலை சாவிக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போதே வாத்தியார் படியில் நின்றிருந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது. டாக்டரம்மா வந்து படியேறியதும் பின்னாலேயே ஏறி வந்தார்.

"நான் பல்லுக்கு வரல."

"தெரியும். உக்காருங்க சார்."

"உக்காரவும் வரல." ஆனாலும் சுற்றிப் பார்த்தார். தரையைத் துடைப்பதற்காக அக்கா எல்லா நாற்காலிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். அவ்வளவு காலையில் அக்கா என்றும் துடைத்ததில்லை. உள்ளே இருந்த சாய்வு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. வாத்தியார் அதன் விளிம்பில் உட்கார்ந்தார்.

"படம் பாக்கலைங்கறது நிஜம்தான்," என்றார். "ஆனா ஒரு கணக்கு தப்புன்னு சொல்ல எல்லா வரியையும் பாக்கணும்னு இல்ல. விடைய பாத்தா போதும்."

"விடைய நான்தானே சொன்னேன். நான் தப்பா சொல்லியிருந்தா?"

வாத்தியார் இதை யோசித்திருக்கவில்லை. "சொல்லியிருந்தீங்களா?"

"நடுவுல கொஞ்சம் தூங்கியிருப்பேன். பாப்கார்ன் வாங்க வெளிய போயிருப்பேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க நாவல படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வராது."

"நீங்க படத்த பாத்திருந்தா இந்தப் பதிலே வராது."

"மொத்தத்துல ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது," என்றார் அக்கா, துடைப்பத்தைச் சுவரில் சாத்தியபடி. "மேடம், வீக்கம் கண்ணுகிட்ட வந்துடுச்சு. பாருங்க."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. கைகளைக் கழுவிக்கொண்டு வந்தார். "சண்டை அப்புறம் சார். வாய காட்டுங்க."

வாத்தியார் காட்டவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீங்க கைய தூக்கினீங்க, நான் நிறுத்தல," என்றார் டாக்டரம்மா. "அதுல வாதம் ஒண்ணும் இல்ல. நான் செஞ்சது தப்பு. இன்னிக்கு ஒரு வார்த்தை பேச மாட்டேன். விரல் அசைஞ்சாலே மெஷின் நிக்கும்."

வாத்தியார் சாய்ந்து படுத்தார். வாயைத் திறந்தார்.

ஊசி போட்டார். காத்திருந்தார். தட்டிப் பார்த்து, கேட்டு, இன்னொரு ஊசி போட்டு மறுபடி காத்திருந்தார். பிறகு அடைப்பை எடுத்தார். தேங்கியிருந்த சீழ் வெளியே வந்தது. வாத்தியாரின் தோள்கள் இறங்கின. மூன்றாவது கால்வாயில் மெல்லிய ஊசி இறங்கி ஏறியது. டாக்டரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முகமூடி அசையவே இல்லை.

மெஷின் மட்டும் பேசியது. கீழே சாவி அறுக்கும் சத்தம். குழாயில் எச்சில் போகும் சத்தம். வாத்தியார் கூரையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். டாக்டரம்மாவின் கண்களைப் பார்த்தார். அவை பல்லை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தார். அவருடைய செருப்பு நுனி ஆடத் தொடங்கியது.

இடது கை உயர்ந்தது.

அந்த நொடியே எல்லாம் நின்றது. அக்கா குழாயை உருவினார்.

"வலிக்குதா?"

தலை இல்லை என்று ஆடியது.

"பின்ன?"

வாத்தியார் எச்சிலை விழுங்கினார். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த பல் வரிசைப் படத்தைப் பார்த்தபடி கேட்டார். "கதவு தட்டினது அந்தத் தங்கச்சிதானா?"

டாக்டரம்மா முகமூடியை இறக்கினார். "நாவல்ல யாரு?"

"நாவல்ல யாரும் தட்ட மாட்டாங்க. அவ வரவே மாட்டா."

"அப்ப உங்களுக்குத்தான் விடை தெரியுமே."

"நான் படத்துல கேக்குறேன்."

இதுவரை எந்தப் படத்தின் முடிவையும் டாக்டரம்மா யாரிடமும் மறைத்ததில்லை. அவருடைய வாய் தானாகவே திறந்தது. அதை மூடினார்.

"படம் இன்னும் ஓடுது," என்றார். "ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அதுக்கப்புறம் இன்னும் ஒரு தடவை இங்க வரணும், நிரந்தர அடைப்புக்கு. அன்னிக்கு எவ்வளவு வேணும்னாலும் கைய தூக்குங்க."

"வந்தாளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"கைய இறக்குங்க சார்."

"சொல்லுங்க."

"கை மேல இருக்கிற வரைக்கும் நான் மெஷின தொட மாட்டேன். வாக்கு குடுத்திருக்கேன்."

"தொட வேணாம். சொல்லுங்க."

டாக்டரம்மா கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வாத்தியார் கையை இறக்கவில்லை.

அக்கா கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். அதற்குள் இரண்டு பேர் வந்து, அடுக்கிய நாற்காலிகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் நேரமாகும்," என்றார் அக்கா.

"உள்ள யாருக்காவது ரொம்ப வலியா?" என்று கேட்டார் ஒருவர்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார் அக்கா. "பிடிவாதம்."